முதியோருக்கு ஒரு பெஞ்ச்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு ஒரு கம்பெனி இன்று முதியோருக்கென்று பெஞ்ச் ஒன்று வழங்கியது.

முழங்கால் வலியோடு போய் உட்காரப் பார்த்தேன். நீல டீ-ஷர்ட் போட்ட ஊழியர் பதறிவிட்டார்.

"ஐயா, ரிப்பன் கட்டியிருக்கு பாருங்க. மேனேஜர் வந்து வெட்டினதும் உக்காருங்க."

நின்றேன். மேனேஜர் வந்து முதியோரின் முழங்காலைப் பற்றி நெடுநேரம் உருக்கமாகப் பேசினார். நின்றபடியே கைதட்டினேன்.

ரிப்பனை வெட்டியதும் ஊழியர்கள் அனைவரும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன். பின்னாடி கம்பெனி பேரு தெளிவா விழணும்."

அவர்கள் நீட்டிய போனில் பலமுறை சரிபார்த்துத்தான் எடுத்தேன். வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

இப்போது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வசதியாகவே இருக்கிறது. ஒரே சந்தேகம், கம்பெனி பெயரை என் கட்டைவிரல் மறைத்திருக்குமோ?

கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, அவர்களே பார்த்துக்கொள்ளட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.