என் வாயால் பேசிய தீவு நாடு

தொண்ணூறுகளின் பிற்பகுதி. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஓகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறையில், திருகோணமலை நகரத்தில், யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிற ஒரு பாடசாலை மண்டபத்தில்தான் இது நடந்தது. எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். தலை நிறைய முடி இருந்தது. அதில் பாதி அந்த ஒரு வாரத்தில்தான் கொட்டியது என்று இன்றைக்கும் வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தொண்டு நிறுவனம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பயிற்சி வைத்தது. உலகப் பிரச்சினைகள், இராஜதந்திரம், விவாதம் என்று பெரிய பெரிய தலைப்புகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாடு. எல்லோரும் உலக சபை மாதிரி உட்கார்ந்து பேசித் தீர்மானம் எடுக்க வேண்டும். சல்லி, சாம்பல்தீவு, கிண்ணியா, கந்தளாய் என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்குச் சிங்களம் தெரியாது, மீதிப் பேரில் அநேகருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது யாரோ ஒரு புண்ணியவான் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

நான் கந்தளாயில் சீனித் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் சில வருடம் வேலை செய்தவன். என் சிங்களம் முழுவதும் அங்கே லொறிச் சாரதிகளிடம் படித்தது. போக வேண்டாம் என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"உங்கட சிங்களத்தில மூட்டை எண்ணலாம், லொறிக்காரரோட சண்டை பிடிக்கலாம். உலக சமாதானம் கதைக்க ஏலுமோ?"

"ஏன் ஏலாது? உலக நாடுகளும் சண்டைதானே பிடிக்குதுகள்?" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாளே 'இறைமை' என்ற சொல் வந்து முன்னால் நின்றது. களஞ்சியத்தில் அந்தச் சாமான் ஒருநாளும் வந்து இறங்கியதில்லை. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளை ஒன்று சிங்களச் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தது. மத்தியானத்துக்குள், நான் கிளாஸில் கை வைத்தாலே ஏதோ பெரிய சொல் வந்துவிட்டது என்று மண்டபம் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

அந்தச் சபைக்கு ஒரு விதி இருந்தது. யாரும் 'நான்' என்று பேசக்கூடாது. 'எனது நாடு' என்றுதான் பேச வேண்டும். மறந்துபோய் 'நான்' என்று சொன்னால் தலைவர் மணி அடிப்பார். தலைவராகப் பிள்ளைகள் தெரிந்தெடுத்தது கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பையனை. ஒட்டிய கன்னம், பெரிய மூக்குக்கண்ணாடி, சிரிப்பே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பித்தளை மணியை வலது கையிலேயே வைத்திருப்பான்.

நான் வாயைத் திறந்து, "இந்தப் பிள்ளை என்ன சொல்லுதெண்டால்..." என்று தொடங்கினேன். டிங்!

"சேர், நீங்க அப்பிடிச் சொல்லேலாது. அவங்க 'எனது நாடு' எண்டால் நீங்களும் 'எனது நாடு' எண்டுதான் சொல்லோணும்."

"தம்பி, அப்ப எனக்கு எத்தனை நாடு?"

"எல்லா நாடும் உங்கட நாடுதான் சேர்."

அதன்பிறகு என் நிலைமையைக் கேட்க வேண்டாம். காலையில் என்னிடமே நான் கடன் கேட்டேன். தேநீர் வேளைக்கு முன் அதை நானே மறுத்தேன். பின்னேரம் எனக்கு எதிராக நானே பொருளாதாரத் தடை போட்டேன். ஆனாலும் மூன்றாம் நாள் அளவில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. வீட்டில் கறிக்கு உப்புக் கேட்கும்போதுகூட, "எனது நாடு உப்பை எதிர்பார்க்கிறது" என்று கேட்டுப் பார்த்தேன். கிடைத்த பதில் இராஜதந்திரமானதல்ல.

சல்லியிலிருந்து ஒரு பெண்பிள்ளை தினமும் சைக்கிளில் வரும். தகப்பன் கடற்றொழில். சீட்டிழுப்பில் அதற்குக் கிடைத்தது பசுபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. உலகப் படத்தில் இலையான் பறந்து வந்து இருந்துவிட்டுப் போன அடையாளம் மாதிரி இருக்கும். குளக்கரையில் வளர்ந்து, கடலை பஸ் யன்னலால் மட்டும் பார்த்திருந்த கந்தளாய்ச் சிங்களப் பையன் ஒருவனுக்கு, பெரிய பெரிய போர்க்கப்பல்கள் வைத்திருக்கும் ஒரு வல்லரசு விழுந்தது. கடைசி நாள் விவாதம் இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையில். தலைப்பு: நெருக்கடிக் காலத்தில் கடலைப் பயன்படுத்தும் உரிமை.

தலைப்பைப் பார்த்ததும் இன்னொரு தரம் வாசித்தேன். அந்த வருடங்களில் எங்கள் கரையில் கடற்படை தருகிற பாஸ் இல்லாமல் யாரும் கடலில் இறங்க முடியாது. சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் சத்தமாகக் கதைக்காத விஷயமும் அதுதான்.

கடைசி நாள் காலையில் மண்டபத்துக்குள் போனால், முன்வரிசையில் விருந்தினர்கள். அதிபர்மார், மாவட்ட நிர்வாகக் கச்சேரியிலிருந்து இரண்டு அலுவலர்கள், நடுக்கதிரையில் வெள்ளைச் சீருடையில் ஒரு கடற்படை அதிகாரி. கூட்டம் வைக்க அனுமதி தந்தவர் என்பதால் அழைத்திருந்தார்கள். என் ஒலிவாங்கிக்கும் அவருடைய தொப்பிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது.

சல்லிப் பிள்ளை எழுந்தது. மற்ற நாட்களில் மெல்லிய குரலில் பேசுகிற பிள்ளை. அன்றைக்குக் குரல் கணீரென்று வந்தது.

"எனது நாடு சிறிய நாடு. எனது நாட்டு மீனவருக்கு விடிந்த பிறகுதான் கடல் திறக்கப்படுகிறது. மீனுக்கு அந்த நேரம் தெரியாது. அது வந்துவிட்டுப் போய்விடுகிறது. வெறும் வலையோடு வருகிறவரைக் கரையில் மறித்து, இவ்வளவு நேரமும் எங்கே நின்றாய் என்று கேட்கிறார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று எனது நாடு சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கிறது. இந்தக் கடலை எங்களுக்காகக் காக்கிறீர்களா, எங்களிடமிருந்து காக்கிறீர்களா?"

மண்டபத்தில் இருந்த தமிழ் விளங்கியவர்கள் எல்லோரும் கடைக்கண்ணால் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி எதுவும் விளங்காமல், நான் சொல்லப்போவதைக் கேட்க மரியாதையாக என் முகத்தைப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு தீவு இருக்கிறது, ஒளிந்துகொள்ளலாம். எனக்கு? 'அவள் சொல்கிறாள்' என்று சொல்லவும் சபை விடாது. அந்தக் கேள்வியை நானே, என் வாயால், அந்தச் சீருடையின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதைவிட, அந்தப் பிள்ளையின் தகப்பன் அடுத்த நாள் அதே கடலுக்கு, அதே பாஸோடு போக வேண்டியவர் என்பதும் தலைக்குள் குறுக்கே வந்து நின்றது. தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன். காலி.

அப்போது என் வாயிலிருந்து வந்த சிங்களம் இதுதான்: "எனது நாடு சிறிய, அழகான நாடு. மீனவர்கள் நலமாக இருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நன்றி. இன்னும் கொஞ்சம் மீன் கிடைத்தால் நல்லது."

அதிகாரி தலையாட்டினார். அப்பாடா என்று நான் வியர்வையைத் துடைக்கப் போகும்போது, கந்தளாய்ப் பையன் தன் நாட்டுப் பெயரட்டையை உயர்த்தினான். நடைமுறையில் பிழை நடந்தால் அப்படித்தான் எழும்ப வேண்டும். அவன் பேசினான். விதிப்படி அதை நான் தமிழில் சொல்லியாக வேண்டும். சொன்னேன்:

"எனது நாட்டுக்கு மொழிபெயர்ப்பாளரில் நம்பிக்கை இல்லை."

என் மானத்தை நானே ஒலிவாங்கியில் வாங்கிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். மண்டபம் 'கொல்' என்று சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. தொடர்ந்தான், நானும் தொடர்ந்தேன்:

"அந்த நாடு இவ்வளவு நேரம் பேசியது. முகத்தில் கோபமும் இருந்தது. எனக்கு... மன்னிக்கவும், எனது நாட்டுக்குக் கிடைத்திருப்பது ஒரு நன்றிக் கடிதம். நன்றிக் கடிதத்துக்கு எதிராக எனது நாடு எப்படி வாதாடுவது? அந்த நாடு சொன்னது முழுவதும் எனது நாட்டுக்கு வேண்டும்."

டிங்! டிங்! கிண்ணியாத் தலைவர் இரண்டு தரம் அடித்தார்.

"சேர், முழுசாச் சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்குமட்டும் சபை காத்து நிக்கும்."

தொண்டு நிறுவனத்து ஏற்பாட்டாளர் மிஸ்ஸைப் பார்த்தேன். அவ கூரையில் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தா. அப்போது சல்லிப் பிள்ளை கதிரையை விட்டு எழும்பி என் மேசைக்கு வந்தது. தன் மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸை என் முன்னால் வைத்தது.

"அங்கிள், பயப்பிடாதேங்கோ. நீங்க கதைக்கேல்ல. என்ர நாடுதானே கதைக்குது."

நான் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டேன். "பிள்ளை, விளையாடாதை. அப்பா நாளைக்குக் கடலுக்குப் போகோணுமெல்லோ?"

"அதுக்குத்தான் அங்கிள் கதைக்கிறன்."

ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்தேன். தண்ணீரைக் குடித்தேன். மேசையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லொறிக்காரச் சிங்களத்தில், விடிந்த பிறகு திறக்கிற கடலையும் வெறும் வலையையும் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. கடைசிக் கேள்வி வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடவில்லை. இந்தக் கடலை எங்களுக்காகக் காக்கிறீர்களா, எங்களிடமிருந்து காக்கிறீர்களா? என் குரல்தான் கேட்டது. ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி நடுங்கினாலும் கேட்டுவிட்டது.

அதிகாரி என் முகத்தை விட்டுச் சல்லிப் பிள்ளையைப் பார்த்தார். கந்தளாய்ப் பையன் எழுதிக்கொண்டு வந்திருந்த பேச்சுத் தாள்களை ஒரு தரம் பார்த்தான். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"எனது நாடு பெரிய நாடு. ஆனால் அந்தக் கேள்விக்கு எனது நாட்டிடம் ஆயத்தமான பதில் இல்லை. மீன் வரும் நேரம் எனது நாட்டுக்குத் தெரியாது, அந்த நாட்டு மீனவருக்குத் தெரியும். ஆகவே நேரத்தைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களையும் இருத்த வேண்டும் என்று எனது நாடு முன்மொழிகிறது."

இதைத் தமிழில் சொல்லும்போது நான் கிளாஸைத் தொடவே இல்லை. தண்ணீர் குடிக்க வேண்டிய பெரிய சொல் எதுவும் அதில் இருக்கவில்லை. வாக்கெடுப்பில் எல்லா அட்டையும் உயர்ந்தது. தலைவர் முடிவை அறிவித்துவிட்டு, அந்த வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தார். முன்பல் ஒன்று தெத்துப் பல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேநீர் நேரத்தில் நான் பெரிய கேத்தலுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். என் உடம்புக்குக் கேத்தல் போதவில்லை. அதிகாரி நேரே என்னிடம் வந்தார்.

"அந்தத் தீவு நாடு எங்கே இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மிச்சம் தூரம் சேர். பசுபிக்கில். கப்பலில் போனாலும் கன நாள் எடுக்கும்."

அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். யன்னலால் வெளியே பார்த்தார். "எனக்கென்னவோ பக்கத்தில் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது," என்றார். பிறகு சல்லிப் பிள்ளை நின்ற பக்கம் திரும்பி, "நன்றாகப் பேசினாள் என்று சொல்லுங்கள்," என்றார். அந்த வாரத்தில் நான் மிக வேகமாகச் செய்த மொழிபெயர்ப்பு அதுதான்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் பத்து, பதினொரு மணிபோல சைக்கிளை மிதித்துக்கொண்டு சல்லிக்குப் போனேன். மீன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மன் கோயில் தாண்டிக் கரைக்குப் போனால், அந்தப் பிள்ளையின் தகப்பன் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய்வந்திருக்கிறார் என்று கண்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. நான் யாரென்று சொன்னேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஓ, நடுங்கின ஆள் நீங்கதானோ?"

"ஓம் அண்ணை. நான்தான்."

"மகள் சொன்னவள். அவள் சொன்னதை அப்பிடியே சொன்னீங்களோ, கூட்டிக் கீட்டிச் சொன்னீங்களோ?"

"குறைச்சுச் சொல்லப் பாத்தனான் அண்ணை. பிள்ளையள் விடேல்ல."

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றார். "நாங்க இதை எங்கட அடுப்படிக் குசினிக்குள்ளதான் கதைக்கிறனாங்கள். அதுவும் மெதுவா," என்றார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அவருடைய முதுகு நேராக நின்ற விதத்தை நான் பார்த்தேன்.

அந்த மாதம் கடல் திறக்கிற நேரம் மாறவில்லை. அடுத்த மாதமும் மாறவில்லை. மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். யுத்தம் முடியும்வரை நானும் ஆஸ்பத்திரி, பொலிஸ், கச்சேரி என்று எத்தனையோ பேருக்காக மொழிபெயர்த்துப் பேசினேன்; பயப்படாத நாளில்லை. ஆனால் ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் குறைத்ததில்லை. எதிர்த்து வாதாட வந்தவனே எதிராளியின் சொல் முழுவதும் வேண்டுமென்று எழுந்து நின்றதையும், குசினிக்குள் மெதுவாகக் கதைக்கப்பட்ட ஒரு கேள்வி வெளிச்சத்தில், சத்தமாக, என் தொண்டையால் வெளியே வந்ததையும் நினைக்கும்போது, இந்தப் பயந்தாங்கொள்ளியின் நெஞ்சு இன்றைக்கும் ஓர் அங்குலம் நிமிரத்தான் செய்கிறது.