ரஞ்சியின் கலியாணத்தில் டிரம்ஸ் அடித்த ஒல்லாந்தர்

போன செவ்வாய்க்கிழமை காலை தம்பிப்பிள்ளை மாமா தொலைபேசியில் அழைத்தார். மோர்னிங்சைடில் என் தங்கை ரஞ்சியின் வீட்டில் இருக்கும் என் தாய்மாமன் அவர். வழக்கமாக "சாப்பிட்டியா மனே" என்றுதான் தொடங்குவார். அன்று எடுத்த எடுப்பில், "மனே, நம்மட ஒல்லாந்தன் போயித்தான். பஸ்ஸுக்கு நிண்ட இடத்தில விழுந்தவன், எழும்பல்ல. நெஞ்சுக்குள்ள ஏதோவாம்" என்றார். அதற்கு நான் கேட்டது என்ன தெரியுமா? "பஸ் வந்திட்டுதா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. மாமாவும் பாவம், "வந்ததாம் மனே" என்று பதில் சொன்னார்.

ஸ்காபரோவில் இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு ஹென்கைத் தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கும் 'ஒல்லாந்தர்' என்றால் தெரியும். ரஞ்சி வீட்டு நிலக்கீழ் அறையில் குடியிருந்த நெட்டை மனிதர். படியில் இறங்கும்போதெல்லாம் தலையை இடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ திட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் ரஞ்சியின் காரை எடுத்து மாமாவை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப்போவார். கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் நெற்றியில் திருநீறுமாக அவர் சாப்பாட்டு வரிசையில் நிற்பதைக் கண்டு, "உவர் என்ன சாமியாரோ?" என்று கேட்டவர்களும் உண்டு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் ஒல்லாந்தில் ஓரளவு பெயரெடுத்த பங்க் இசைக்குழு ஒன்றில் அவர் டிரம்ஸ் அடித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்களுக்கும் ஏன் விட்டார் என்பது தெரியாது. எனக்குத் தெரியும் என்றுதான் இந்தக் கிழமை வரை நான் நினைத்திருந்தேன்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்து வந்த எனக்கு இங்கே ரொறொன்ரோவில் கிடைத்த முதல் வேலை மா குழைத்துப் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில். பெல்டில் சுடச்சுட வரும் பாணை எடுத்துத் தட்டில் அடுக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் ஹென்க். எந்த நாடு என்று கேட்டேன். ஒல்லாந்து என்றார். (நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். அது எப்படி இருந்தது என்று எழுதிக் காட்டி உங்களைச் சிரிக்கவைக்க விரும்பவில்லை, தமிழிலேயே எழுதுகிறேன்.) "எங்கள் ஊரில் உங்கள் ஆட்களின் கோட்டை ஒன்று இருக்கிறது" என்றேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்க வேண்டும்" என்றார், தானே கல் சுமந்து கட்டியதுபோல. பிறகு, "இடித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை, அதற்குள் அரசாங்கக் கந்தோர் நடக்கிறது என்றேன். "நல்ல வேலை செய்தீர்கள். கட்டடத்தை வெறுமையாக விடக் கூடாது" என்றார்.

அதை அவர் சும்மா சொல்லவில்லை. அவரும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒல்லாந்தில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் புகுந்து குடியிருந்தவர்கள். அங்கேதான் குழு தொடங்கியது. ஒருவருக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. தெரியாதவர்களும் வாசிக்கலாம், யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை என்பதுதானாம் பங்க். வீடில்லாமல் சனம் தெருவில் நிற்க, வீடுகள் ஏன் சும்மா பூட்டிக் கிடக்கின்றன என்று பாடினார்கள். ஒவ்வொரு சொல்லும் கேட்கிற அளவுக்கு மெதுவாகத்தான் பாடினார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த சில இசைத்தட்டுகளைக் கேட்டு எல்லாம் மாறிப்போனது. அந்தப் புது வகைக்கு ஹார்ட்கோர் என்று பெயர். பாட்டு வேகமானது, இன்னும் வேகமானது. "முதலில் ஒரு பாட்டில் கேள்வி இருந்தது. பிறகு கேள்விக்கு நேரமில்லை, கத்துவதற்கு மட்டும்தான் நேரம்" என்பார் ஹென்க். அந்த வேகத்துக்குத் தன் கை ஈடுகொடுக்கவில்லை, அதனால்தான் குழு இங்கே பாட வந்தபோது வாகனத்தில் ஏறாமல் ரொறொன்ரோவிலேயே நின்றுவிட்டேன் என்று சொன்னார். சொன்னதை நான் நம்பினேன்.

நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பெல்டின் வேகத்தைக் கூட்டினால் முதலில் கை தூக்குகிறவர் ஹென்க்தான். "எனக்கு ஏலாது, குறையுங்கள்!" என்று கத்துவார். நாங்கள் புதிதாக வந்த தமிழ் ஆட்கள் சிலர் அந்த நேரம் பாணைத் தவறவிட்டுக்கொண்டு திண்டாடிக்கொண்டிருப்போம். நல்ல காலம், எங்களைவிட மந்தமான ஒரு ஆள் இருக்கிறார் என்று ஆறுதல்படுவோம். எங்களுக்குள் அவரை "ஆமை" என்றும் சொல்லியிருக்கிறோம்.

குழுவின் பழைய பாட்டையும் புதிய பாட்டையும் ஒரு கசெற்றில் பதிந்து தந்தார். வீட்டில் போட்டேன். முதல் பக்கத்தை என் மனைவி சாந்தி பொறுத்துக்கொண்டாள். அவள் யாழ்ப்பாணம், பொறுமைக்குப் பேர்போனவள் அல்ல. இரண்டாம் பக்கம் தொடங்கியதும் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "இஞ்சாருங்கோ, உது என்ன மெஷின் பழுதாப் போச்சோ?" என்றாள். இல்லை, பாட்டு என்றேன். "உதுக்கு ஆரிலையப்பா இவ்வளவு கோவம்?" என்று கேட்டாள். எங்கள் ஊரிலும் அதே வருடங்களில்தான் மேடையேறி உரிமை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள், பொடியன்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அதனால் ஹென்கின் கதை எனக்கு விளங்கின மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது. அவரிடமே கேட்டால் ஒருநாள், "மெதுவாகப் பாடினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்" என்பார். மறுநாள், "வேகமாகப் பாடுவது பயத்தில்" என்பார். எது உண்மை ஐயா என்றால் சிரிப்பார்.

ரஞ்சிக்குக் கலியாணம் பேசி முடித்தபோதுதான் விஷயம் பெரிதானது. எங்கள் பகுதியில் தாய்மாமன் முன்னுக்கு நிற்காமல் ஒன்றும் நடக்காது. மாமா ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மாப்பிள்ளை பகுதி யாழ்ப்பாணம். அவர்கள் முன்னால் எங்கள் கலியாணம் சோடை போகக் கூடாது என்று மாமாவுக்கு ஒரே பிடிவாதம். மட்டக்களப்பில் பறங்கியர் என்றொரு சனம் உண்டு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள். கலியாண வீட்டில் அவர்கள் வயலினும் மேளமுமாக பைலா வாசித்தால் கிழவர்களும் எழும்பி ஆடுவார்கள். மாமாவுக்கு அது வேண்டும். ஹென்க் ஒல்லாந்தர் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தலைகால் தெரியவில்லை.

"மாமா, இது அந்த ஒல்லாந்தர் இல்ல. இவங்க வாசிக்கிறது பைலா இல்ல" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"நீ சும்மா இரு மனே. ஒல்லாந்தன் எண்டா பறங்கி. பறங்கிக்குப் பைலா ஆரும் படிச்சிக் குடுக்கணுமா?" என்றார் மாமா. நேரே ஹென்கிடமே போய்க் கேட்டும்விட்டார்.

ஹென்க் ஓம் என்று சம்மதித்தார். நான் திகைத்துப்போனேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவருடைய பழைய குழு திரும்பவும் கனடா வந்திருந்தது. அப்போது டிரம்ஸ் அடித்தவருக்குக் கை முறிந்து, பாட்டுக்காரர் பீட்டர் ஹென்கைக் கூப்பிட்டிருந்தார். கலியாணத்துக்கு அடுத்த நாள் நகரத்தில் அவர்களுடைய நிகழ்ச்சி. சரிவந்தால் மிச்சப் பயணம் முழுவதும் ஹென்க்தான், பிறகு ஊருக்கும் ஒன்றாகப் போகலாம். "உங்கள் கலியாணம் எனக்கு ஒத்திகையாக இருக்கட்டும்" என்றார். பெல்டின் ஓரத்தில் அவருடைய இரண்டு விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. "எனக்கு அவர்களோடு வீட்டுக்குப் போக வேண்டும்" என்று வாய்விட்டுச் சொன்னார். அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருதடவைதான்.

கலியாணம் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தாலி கட்டி, மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் ஹென்கும் குழுவும் வந்தார்கள். மொட்டைத் தலைகள், கிழிந்த காற்சட்டைகள், சங்கிலிகள். வாசலில் நின்ற பெண்பிள்ளைகள் பன்னீர்ச்செம்போடு பின்வாங்க, மாமா தானே வாங்கித் தெளித்தார். நாலு பேருக்கும் சந்தனம் பூசினார். பீட்டர் பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழிக்காமல் விட்டார்.

பிறகு தொடங்கினார்கள். ஐயோ, அதை என்னவென்று சொல்ல! பிரேக் இல்லாத லொறி மண்டபத்துக்குள் புகுந்த மாதிரி இருந்தது. குழந்தைகள் வீரிட்டு அழுதன. மாப்பிள்ளை பகுதியில் ஒருவர், "மட்டக்களப்பாரின்ரை பைலாவாம்!" என்று சொல்ல, அந்த வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அது மாமாவின் காதில் விழுந்தது. மனிதர் எழும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் நடுவுக்குப் போய்த் தனியாக ஆடத் தொடங்கினார். அந்த வேகத்துக்கு யார் ஆட முடியும்? கால் ஒருபக்கம், கை ஒருபக்கம். முகம் கறுத்து மூச்சு வாங்குகிறது, ஆனால் நிற்கமாட்டேன் என்கிறார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் டிரம்ஸ் தளர்ந்தது. கிட்டார்கள் ஒரு பக்கம் ஓட, டிரம்ஸ் பின்னுக்கு இழுத்தது. பீட்டர் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். ஹென்க் தலை நிமிரவில்லை. அடி இன்னும் குறைந்தது, மாமாவின் கால் வைக்கிற இடத்தில் வந்து விழுந்தது. மாமா சுழன்றார். ரஞ்சி கூறைச்சேலையோடு எழும்பிப் போய் அவரோடு ஆடினாள். பிறகு எல்லோரும் ஆடினார்கள், வாயைப் பொத்திச் சிரித்தவர்களும்தான். பீட்டர் மைக்கை வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த நாள் நிகழ்ச்சிக்கு அவர்கள் வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். ஹென்க் திங்கட்கிழமை காலை பாண் பெல்டில் நின்றார். "கை சோர்ந்துவிட்டது. மாமா ஆடியிருக்காவிட்டால் எனக்குப் பெரிய வெட்கமாகப் போயிருக்கும்" என்றார். மாமாவுக்கு அது போதும். போகிற வருகிறவரிடமெல்லாம், "பாவம் பொடியன், கை விட்டுத்து. நான்தான் ஆடி அவன்ட மானத்தைக் காப்பாத்தின" என்று சொன்னார். நன்றிக்கடன் மாறிப்போன மாதிரி, மாமாவே அவரை ரஞ்சி வீட்டு நிலக்கீழ் அறைக்குக் கூட்டிவந்து வைத்தார். ஹென்கும் யாராவது கேட்டால், "ஓம், மாமாதான் காப்பாற்றினவர்" என்று தமிழிலேயே சொல்வார்.

புதன்கிழமை ஒல்லாந்திலிருந்து பீட்டர் அழைத்தார். செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கனநேரம் அழுதார். ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த வேகம் அவருக்கு ஏலாமல் போய்விட்டதில் எப்போதும் கவலைதான்" என்றேன்.

"யாருக்கு ஏலாது? ஹென்குக்கா?" என்றார் பீட்டர். "எங்களை வேகமாக்கியதே அவன்தான். அந்த இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தவன் அவன். ஒரு குளிர்காலம் முழுக்க எங்களைத் துரத்தித் துரத்தி அடித்தான். எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது."

"அப்ப கலியாணத்தில்?"

"வாகனத்துக்குப் பக்கத்தில் வைத்து நான் அதையேதான் கேட்டேன். 'அந்த மனிதர் விழுந்திருப்பார்' என்றான். இனி வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்."

அப்படியானால் முதல்முறை ஏன் வாகனத்தில் ஏறவில்லை என்று கேட்டேன். பீட்டருக்கும் தெரியவில்லை. அவர் என்னிடம் கேட்டார், நான் அவரிடம் கேட்டேன். அப்படியானால் பாண் பெல்ட்? "எனக்கு ஏலாது" என்று தூக்கிய அந்தக் கை? கேட்கப்போனால் ஒவ்வொன்றாகப் புரள்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்ன மனிதர், அதைத் தெரிந்துதான் விட்டாரா? என்னைப் போட்டுக் குழப்பிவிட்டு இப்படிப் போய்விட்டாரே என்று கோபமாகவும் இருக்கிறது.

சனிக்கிழமை இறுதிச் சடங்கில் மாமா பெட்டிக்கு முன்னால் நின்றார். குளிர்க்கோட்டுக்குள்ளிருந்து சந்தனத்தை எடுத்து ஹென்கின் நெற்றியில் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு நான் மட்டும் ஆடல்ல எண்டா இவன்ட கதி என்ன மனே?" என்று கேட்டார்.

"ஓம் மாமா" என்றேன்.

ஹென்க் இத்தனை வருடம் சொன்ன 'ஓம்' அது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டதும் அதுதான். மாமாவுக்கு இப்போது கண் சரியில்லை. இதை யாராவது வாசித்துக் காட்டத்தான் வேண்டும். வாசிக்கிறவரிடம் ஒன்று கேட்கிறேன். கலியாணத்தை முழுதாக வாசியுங்கள், அவர் ஆடியதை இரண்டு முறை வாசித்தாலும் சரி. புதன்கிழமை வந்த அழைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.