மிச்சம் பிடிக்காத மூச்சு

என் மச்சினிக்குக் கடல் என்றாலே ஆகாது. கரையில் நின்று பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பாள். அப்படிப்பட்டவளுக்குக் கடலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒருவன் புருஷனாக வாய்த்தான். என் சகலைக்கு ஒரு ஸ்கூபா கடையில், சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிற வேலை. நான் அதே கடையின் படகோட்டி. மச்சினி கடையின் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த ரப்பர் உடுப்புகளைத் தைத்துக்கொண்டிருப்பாள். சுவரெல்லாம் தலையில்லாத ஆட்கள் போல உடுப்புகள் தொங்கும்.

சகலைக்குக் கடையில் வைத்த பெயர் கஞ்சன். காசு விஷயத்தில் ஓட்டைக் கைதான். காற்றில் மட்டும்தான் கஞ்சன். மற்றவர்களுடைய சிலிண்டர் காலியாகிற நேரத்தில் அவனுடையது பாதிகூட இறங்கியிருக்காது. தூங்குகிற குழந்தை போல மெல்ல இழுத்து மெல்ல விடுவான். அதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. என்ன பெருமையோ, எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் அவசர ஆக்ஸிஜன் கொடுக்கக் கற்றுத்தர ஒரு பயிற்சியாளர் வந்தார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் தண்ணீருக்கடியில் இருந்தால் மேலே யார் பார்ப்பது என்று முதலாளிக்குக் கவலை. எனக்கு இருப்பது இரண்டு கை, இரண்டும் சுக்கானில்தான் என்று சொல்லிவிட்டேன். முதலாளியின் பார்வை மச்சினிமேல் விழுந்தது. இவளாவது, ஆக்ஸிஜனாவது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பயிற்சியாளர் முதலில் அவளைக் கை கழுவ அனுப்பினார். விரலெல்லாம் தையல் மிஷின் எண்ணெய். அழுத்தத்தில் வருகிற ஆக்ஸிஜனில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்குமாம். பிறகு பாடம். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி இரத்தத்தில் குமிழி கிளம்பும். ஆளைப் படுக்க வைக்கவேண்டும். முகமூடிக்குக் கீழே தொங்குகிற பையில் ஆக்ஸிஜன் நிறைந்தபிறகுதான் முகத்தில் மாட்டவேண்டும். நன்றாகிவிட்டது என்று அவனே சொன்னாலும், ஆஸ்பத்திரி ஆட்கள் கையில் ஒப்படைக்கும்வரை நிறுத்தக்கூடாது. பயிற்சிக்கு வந்த ரப்பர் பொம்மையிடம்கூட அவள், "கொஞ்சம் படுங்க" என்று மரியாதையாகத்தான் பேசினாள். திரைச்சீலை வழியாக வந்த பச்சை வெளிச்சமும் சிலிண்டரின் உஸ்ஸென்ற சத்தமுமாக, அந்த அறையே தண்ணீருக்குள் இருந்தது போலத் தோன்றியதாம். பயமாக இல்லை, தூக்கம் வருகிற மாதிரி சுகமாக இருந்தது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அதிலிருந்து அவளும் படகில் வர ஆரம்பித்தாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைப்பாள்.

அன்றைக்குக் கடல் அசையவே இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் படகு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலேயே ஒருமுறை ஆழத்துக்குப் போய்வந்த சகலை, மறுபடியும் ஒரு பயணியோடு இறங்கியிருந்தான். கீழே அந்த ஆள் மிரண்டுபோய் மேலே பாய, அவனை விடாமல் பிடித்துக்கொண்டு சகலையும் கூடவே வந்துவிட்டான். பயணி வாந்தி எடுத்துவிட்டுத் தெளிந்தான். சகலை தோளைத் தேய்த்துக்கொண்டு, சிலிண்டர் தூக்கியதில் சுளுக்கு என்றான். கடலுக்குள் போகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். குமிழி தாக்கிவிட்டது என்று ஒத்துக்கொண்டால் கௌரவம் போய்விடும்.

பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கும்போது கோப்பை சரிந்து, கொதிக்கிற காப்பி அவன் பாதத்தில் கொட்டியது. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தான். மச்சினி ஊசியைக் கீழே வைத்தாள். அந்தப் பாதத்தை அழுத்தித் தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை. காலை மடக்கச் சொன்னாள். முடியவில்லை. அப்போதுதான் அவன் முகம் செத்துப்போயிற்று.

நான் ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் படகைத் திருப்பினேன். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவனைப் படுக்க வைத்து, பை நிறைந்ததும் முகமூடியை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில், "மாமா, பை சுருங்கவே இல்ல" என்றாள். மிஷின்தான் கெட்டுவிட்டது என்று நான் கத்தினேன். அவள் அவன் நெஞ்சையே பார்த்தாள்.

"மிச்சம் புடிக்கிறீங்களா?"

அவன் முகமூடியை லேசாகத் தூக்கினான். "கரை தூரமா இருக்குல்ல. பத்தணுமே."

படுபாவி! அந்த நிலையிலும் கஞ்சத்தனம்.

"நீங்க இழுத்தாலும் இழுக்காட்டியும் அது வந்துகிட்டேதான் இருக்கும். நீங்க இழுக்காம விடுறது சும்மா காத்துல போவுது. நல்லா இழுங்க."

முயன்றான், முடியவில்லை, உடம்பு பழகிப்போய்விட்டது. அவள் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, பெரிதாக இழுத்துப் பெரிதாக விட்டாள். அவன் அதைப் பார்த்துப் பார்த்து இழுத்தான். பை சுருங்கியது, நிறைந்தது, சுருங்கியது. எனக்கு இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. அவர்கள் இருவரின் மூச்சில்தான் படகு நகர்கிறது என்று தோன்றியது. கடலைக் கண்டால் ஆகாதவள் கடல் இருப்பதையே மறந்திருந்தாள்.

பாதி வழியில், காலில் ஏதோ ஊர்கிறது, போதும், நிறுத்திவிடு என்று அவன் முகமூடியைக் கழற்றப் போனான்.

"கழட்டினா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள். பிறகு முகமூடியை அவன் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "காத்து தீந்தா தீரட்டும். எனக்கு நீங்க வேணும்."

அவன் கையை இறக்கிவிட்டான். நான் முன்னால் திரும்பிக்கொண்டேன்.

படகுத்துறையில் ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறினார்கள். அவர்கள் தங்கள் ஆக்ஸிஜன் குழாயை அவன் முகமூடியில் மாட்டியபிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள். வழியெல்லாம் அவனுக்காக இழுத்துவிட்ட மூச்சில் அவளுக்கே கிறுகிறுத்துவிட்டது. பேஷண்ட் யார் என்று அவர்கள் குழம்பி நின்றார்கள். சகலை முகமூடியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

"முதல்ல அவளுக்குக் குடுங்க!"

நீட்டியதோடு நிற்காமல், அவளைத் தூக்கப்போகிறவன் மாதிரி முழங்காலை மடக்கி எழப் பார்த்தான். கொதிக்கிற காப்பி தெரியாத, மடக்க முடியாமல் கிடந்த அதே கால். அவன் கவனிக்கவில்லை. பலகையில் கிடந்தபடி அவள் பார்த்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"படுங்க. முதல்ல படுங்க."