எடைக்குக் கிடந்த பட்டினி

கூண்டுக்குள் சண்டை போடுகிறவன் என்று தெரிந்தால் எல்லோரும் ரத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூக்கு உடைந்ததா, பல் போனதா, ரொம்ப வலிக்குமா. ரத்தம் பெரிய விஷயமே இல்லை, துடைத்தால் போய்விடும். ஒன்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு இன்றைக்கும் குமட்டுவது வேறு. பயிற்சிக் கூடத்து மெத்தையில் ஊறிப்போன பத்துப் பேருடைய வியர்வை. கீழே மாட்டிக்கொண்டு கிடக்கும்போது மேலே இருப்பவனின் அக்குள் நேராக வாய்க்கே வரும். ஒருத்தன் தொடையிலிருந்து இன்னொருத்தன் தொடைக்குத் தாவும் படர்தாமரை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எடை குறைப்பதுதான் மனுஷன் செய்கிற காரியமே இல்லை.

நான் நடமாடுகிற எடை எழுபது கிலோ. சண்டை போட்டது அறுபத்தொன்றில். சண்டைக்கு முதல் நாள் சாயங்காலம் தராசில் ஏறி அறுபத்தொன்று காட்டிவிட்டால் போதும், அப்புறம் அண்டாவோடு சாப்பிடலாம். எதிராளியும் இதே பித்தலாட்டத்தைச் செய்துவிட்டுத்தான் வருவான். எழுபது கிலோ ஆட்கள் இரண்டு பேர் எழுபதிலேயே மோதிக்கொண்டால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான்டா ஆகணும்" என்றார் எனக்குச் சண்டை கற்றுக்கொடுத்த மாஸ்டர். அவருக்கென்ன, அவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார்.

நான் சொல்ல வந்தது ஒரு பங்குனி மாதம் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வரிசையாக இரண்டு சண்டை தோற்றிருந்தேன். மூன்றாவது, ஸ்ரீரங்கத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. எடை தப்பினால் சண்டை கிடையாது, அதோடு இனி யாரும் கூப்பிடவும் மாட்டார்கள் என்று மாஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பாலக்கரை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். மற்ற சண்டைகளுக்கு முன்னால் பயிற்சிக் கூடத்திலேயே தங்கிவிடுவேன், இந்தத் தடவை அவளுக்காக வீட்டிலேயே இருந்தேன். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். பயத்தில் அவள் எனக்கு அதிகமாகச் சமைத்தாள், நான் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டே இருந்தேன். அது சமயபுரத்து அம்மன் ஜனங்களுக்காகத் தானே பட்டினி கிடக்கிற இருபத்தெட்டு நாள். அவளுக்கே அப்போது சமைத்த தளிகை கிடையாது, நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இளநீர் இவ்வளவுதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் மஞ்சள் துணியில் திரிந்தார்கள். நான் தட்டைத் தள்ள ஆரம்பித்த மூன்றாம் நாள் அம்மா என் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆத்தாளுக்கு விரதம் இருக்கியாப்பா?"

நான் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"எனக்காகவா?"

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்டுக்காரருக்கும் சேத்து வேண்டிக்கங்க தம்பி" என்றாள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூசியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சௌகரியம் இருந்ததை மறைக்க மாட்டேன். இனி சாப்பிடு என்று யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் அல்லவா.

எடை போடும் நாளன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தோம். கீழே பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நான் வியர்வை இறங்குவதற்காகப் பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு, உப்புப் போட்ட வெந்நீரில் வெந்துகொண்டிருந்தேன். முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. மாஸ்டர் கொண்டுவந்த தராசு இன்னும் முந்நூறு கிராம் அதிகம் காட்டியது. புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலைக் காலித் தண்ணீர் பாட்டிலில் துப்பச் சொன்னார். துப்பினேன். நூல் நூலாக, கெட்டியாக வந்தது. பாட்டில் கால்வாசி நிரம்பியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வாந்தி வந்தது, ஆனால் வாந்திக்கு வயிற்றில் சரக்கில்லை. மாஸ்டர் டீ குடிக்கக் கீழே போனார்.

அப்போது அம்மா வந்தாள். லாட்ஜ் பேரை நான்தான் சொல்லியிருந்தேன். சமயபுரத்துக்கு வெறுங்காலில் நடந்து போய்விட்டு, டோல்கேட் வந்து பஸ் மாறி வந்திருந்தாள். கையில் ஒரு தூக்கு.

"நீர்மோருய்யா. ஆத்தா பிரசாதம். விரதத்துக்கு ஆகும், குடி."

அவள் கால் இரண்டும் கொப்புளித்திருந்தன. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாய் வாங்கினேன். பதினெட்டு மணி நேரம் காய்ந்த நாக்கில் அது பட்டபோது உடம்பு முழுக்க அழுதது. முழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் பேசினில் துப்பினேன். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. குமட்டுகிற சத்தம் கேட்டு அம்மா தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பேசினில் வெள்ளையாக மோர். திட்டில் எச்சில் பாட்டில். தரையில் தராசு.

"விரதம் இல்லம்மா" என்றேன். "எடைக்காக."

தராசையும் பாட்டிலையும் பார்த்தாள். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதுதான் நியாயமும்கூட. பிறகு, "இன்னும் எவ்வளவு குறையணும்?" என்று கேட்டாள்.

"இருநூறு கிராம்."

முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். பாட்டிலை எடுத்து என் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ துப்பு."

துப்பினேன். அவள் விரலிலும் வழிந்தது. நாலு மணிக்கு எடை வந்தது, மறுநாள் ஜெயித்தேன், அதற்குப் பிறகு மூன்று வருஷம் இந்த அசிங்கத்தை ஓட்டினேன். அம்மாவின் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

இப்போதும் யாராவது உடம்பு எப்படி இருக்கு என்று விசாரித்தால், "எம்புள்ள எனக்காகப் பட்டினி கெடந்தான், ஆத்தா காப்பாத்திட்டா" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறாள். கேட்கிறவர்கள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள். நானும் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்கிறேன்.