ஒரு வீட்டுக்கு ஒரு பேச்சு

ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவளுக்குப் பெயரே கட்டிங் அக்கா என்றாகிவிட்டது. துணியை நாற்பது அடுக்கு விரித்து, மெஷினைப் பிடித்தாளென்றால் ஒரு நூல் பிசகாமல் கை வளைவை வெட்டி எடுப்பாள். பேச்சில்தான் அந்தத் துல்லியம் வராது. வாயைத் திறந்ததுமே எல்லைக்கு அந்தப் பக்கத்து இழுவை வந்துவிடும். "அக்கா பேசினா ரயில் ஸ்டேஷனுக்குள்ள வர்ற மாதிரி இருக்கு. நிக்குமா நிக்காதான்னே தெரியலை" என்று பட்டன் வைக்கிறவள் கேலி செய்வாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பதினாறு வருடத்துக்கு முன் தனியாக எல்லை தாண்டி வந்தவள். வேலை நிலைத்ததும், சொந்தத்தில் ஒரே ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. ஊரில் அண்ணன் வீட்டில் அவள் விட்டுவந்த ஐந்து வயது மகன் இருந்தான். பதினாறு வயதுத் தங்கையும் அங்கேதான் இருந்தாள். அண்ணி அவள் படிப்பை நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்திருந்தாள். பையன் சின்னவன், இரண்டு வருடம் பொறுப்பான் என்று நினைத்துத் தங்கையை அழைத்துக்கொண்டாள். அந்த இரண்டு வருடம் பதினான்கு வருடமாகிவிட்டது. மகனுக்காகப் போட்ட விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவது உள்ளே போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து நாட்டிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டுமா என்ற பேச்சு கிளம்பியது. வட்டாரத்துக்கு வட்டாரம் கூட்டம் போட்டுக் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். வரம்பு வந்தால் பதினெட்டைத் தாண்டிய பிள்ளைகளின் விண்ணப்பமெல்லாம் ரத்து. மகனுக்குப் பத்தொன்பது.

கூட்டத்தில் வீட்டு நம்பருக்கு ஒருவர்தான் பேசலாம். அக்கா குடியிருந்தது தங்கை வீட்டு மாடி அறை. பேசுகிறவர் பதிவேட்டில் அந்த வீட்டுக்குத் தன் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை போய் அதை மாற்றித் தங்கை பெயரை எழுதவைத்துவிட்டு வந்தாள்.

"நீயே பேசுடி. கேக்கிறவங்க நீ இங்கேயே பொறந்தவன்னு நெனப்பாங்க. நான் வாயைத் தொறந்தா பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க."

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரிக்கா" என்றாள்.

ஞாயிறு காலை பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. தங்கை மைக்கைப் பிடித்தாள்.

"நானும் அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவதான். அதனாலதான் சொல்றேன், வந்தது போதும். என் வீட்டுக்காரர் வேலை பாத்த கிடங்குல பாதிச் சம்பளத்துக்குப் புது ஆள் வந்தாச்சு. என் பொண்ணை ஸ்கூல்ல 'ஏய் எல்லை'ன்னு கூப்பிடுறாங்க. ஒவ்வொரு பஸ்ஸும் ஆளைக் கொண்டாந்து இறக்கும்போது நாங்களும் மறுபடி நேத்து வந்தவங்களாயிடறோம். வரம்பு வேணும்."

ஹாலே கை தட்டியது. "அவங்க ஆளே சொல்லியாச்சு, அப்புறம் என்னப்பா?" என்றான் முன்வரிசைக்காரன்.

கட்டிங் அக்கா எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "நான் பேசணும்."

கூட்டத்தை நடத்திய ஓய்வுபெற்ற தபால்காரர் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க வீட்டுக்குப் பேசியாச்சேம்மா."

"அது என் வீடு இல்லீங்க. என் பேரை அதுலேர்ந்து அடிச்சிடுங்க. இன்னிக்கே வெளியேறிடறேன்."

"சரி, எந்த வீட்டுக்குப் போறீங்க? நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவளிடம் நம்பர் இல்லை. "பெட்டியைக் கட்டிட்டு வந்து பேசச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஹால் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வரம்பு வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கினார்கள். தங்கையின் கையும் உயர்ந்தது. அவள் போட்டிருந்த சட்டை இந்தக் கூட்டத்துக்கென்றே அக்கா வெட்டித் தைத்தது. பேசும்போது கையை வீசினால் இழுக்கக் கூடாதென்று அக்குளில் ஒரு விரல் கூடுதலாக விட்டிருந்தாள். கை சுகமாக மேலே போய் நின்றது.

வரம்பு ஜெயித்தது.

வாசலில் தங்கை காத்திருந்தாள். "அக்கா, என் பொண்ணு நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"பெத்த பிள்ளையை விட்டுட்டு உன்னைக் கூட்டிட்டு வந்தேன்டி."

"நான் கேட்டேனாக்கா?"

அவள் கேட்கவில்லைதான். கட்டிங் அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மாடி அறையில் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது மகனிடமிருந்து ஃபோன் வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"வரம்பு போட்டுட்டாங்கடா."

"நம்ம பக்கம் யாருமே பேசலையா?"

"உன் சித்தி பேசினா. வரம்பு வேணும்னு பேசினா. உங்களை விடக் கூடாதுன்னு."



"எந்தச் சித்திம்மா?" என்றான் மகன். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு சித்தி.