தனியே சுழியோடப் போனது

மாலைதீவுக்குத் தனியே போய்க் கடலுக்கு அடியில் இறங்கிப் பார்த்துவிட்டு வரப்போகிறேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் சூடை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த முள்ளைப் பீங்கானின் ஓரத்தில் வைத்துவிட்டு, "போ. பள்ளிக்கூடத்தில லீவு தருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பதிலுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. பல நாட்களாக மனதுக்குள் அவரோடு வாதாடிப் பழகியிருந்தேன். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் பத்து இருந்தன. "போ" என்றதற்கு ஒன்றும் இல்லை. எழுந்து போய் அவருடைய சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் மீன் ஆணம் ஊற்றினேன்.

கல்யாணம் முடித்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் மாலைதீவின் ஒரு சின்னத் தீவில் படிப்பித்தோம். எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் அப்படிப் போய் வந்தவர்கள்தான். அங்கே எங்கள் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை எனக்குச் சுழியோடக் கற்றுத்தந்தார். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய உடுப்போடும் தலையில் இறுக்கிய துணியோடும் நான் இறங்குவேன். என் கணவர் கரையில் தென்னை நிழலில் இருந்து விடைத்தாள் திருத்துவார். அவருடைய கால் தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததை நான் கண்டதில்லை. சுனாமி அடித்த சாய்ந்தமருதில் வளர்ந்த எங்கள் வயதுக்காரர் ஒருவரிடம் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

தெற்கே, வெகு தூரத்தில் ஒரு தீவு இருக்கிறது என்று அந்த ஆசிரியை அடிக்கடி சொல்வார். அங்கே பவளப்பாறை ஒரு மதில்போலக் கீழே இறங்குமாம். அதன் ஓரமாக ஆனைத்திருக்கை மீன்கள் வரிசையாக வருமாம். போவதற்கு நாளும் குறித்தோம். அந்த நேரத்தில்தான் என் வாப்பாவுக்கு உடம்பு ஏலாது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. வந்த நாங்கள் திரும்பிப் போகவில்லை. வாப்பா மவுத்தாகி, அடக்கமும் முடிந்தது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது கம்பஸில் படிக்கிறாள்.

ஏன் தனியே என்று கணவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"தண்ணிக்குள்ள இரிக்கக்குள்ள என்னை ஆரும் கூப்பிட ஏலா. அதான்."

"நான் கரையில இருந்தும் கூப்பிடல்லயே புள்ள."

உண்மைதான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கைத்தொலைபேசியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினேன். விமானம், தங்கும் வீடு, மாலேயிலிருந்து தெற்கே போகும் வழி. அங்கிருந்த சுழியோடும் நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். யாரையும் தனியே இறங்க விடமாட்டோம், வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார் என்று பதில் வந்தது. கணவரிடம் காட்டினேன். "அப்ப தனியா இல்லயே. காசைத் திருப்பிக் கேளு," என்று சிரித்தார். இறங்கத் தகுதியான உடம்புதான் என்று ஒரு வைத்தியரின் கையெழுத்தும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

என் தடை அங்கேதான் இருந்தது. முந்தைய வருடம் மூக்கடைத்து வந்த ஒரு தடிமல் காய்ச்சலுக்குப் பிறகு என் இடது காது பழையபடி இல்லை. கண்டிக்குப் போகும் பஸ் மஹியங்கனை தாண்டி மலை ஏறும்போது அடைத்துக்கொள்ளும். வலது காது ஒரு கொட்டாவியில் திறந்துவிடும். இடது காது பின்னேரம் வரை அப்படியே கிடக்கும். கடலில் இறங்குகிறவர்களுக்குக் காது திறந்துகொடுக்க வேண்டும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால்தான் இன்னும் கீழே போகலாம்.

கல்முனையில் ஒரு காது வைத்தியரிடம் போனேன். அவர் குழாயை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், சவ்வுல ஓட்டை இல்ல. போகாதீங்க எண்டு சொல்ல எனக்கு நியாயம் இல்ல. ஆனா உள்ளுக்குள்ள மூக்குக்குப் போற குழாய் இறுக்கமா இரிக்கி. மெதுவா இறங்குங்க. வலிச்சா அடம்பிடிக்காம ஏறிடுங்க."

"இறங்க ஏலுமா, ஏலாதா?"

"நான் கையெழுத்து வைக்கிறன். காது என்ட கையெழுத்தப் பாத்து நடக்காது."

மூக்கில் அடிக்க மருந்து எழுதித் தந்தார். அன்றிலிருந்து சோறு வடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் மூக்கைப் பிடித்து ஊதினேன். வலப்பக்கம் சத்தம் வரும். இடப்பக்கம் சில நாள் வரும், சில நாள் வராது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு என் காக்கா வந்தார். பிரதான வீதியில் சாமான் கடை வைத்திருக்கிறவர், என் மூத்த சகோதரர். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன் மண்டபத்தில் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"மச்சான், தங்கச்சியத் தனியா அனுப்பப் போறீங்களாமே?"

"நான் அனுப்பல்ல. அவ போறா."

"மஹ்ரமான ஆம்பிளத் துணை இல்லாம, அவ்வளவு தூரம்?"

"அப்ப நீங்க கூடப் போங்களன். டிக்கட் நான் எடுத்துத் தாறன்."

"எனக்குக் கடை இரிக்கி மச்சான்."

"எனக்குக் கடலெண்டாப் பயம். இப்ப என்ன செய்யிற?"

காக்கா தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, "சீனி கூடிப் போச்சு," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

உம்மா பக்கத்து வளவில்தான் இருக்கிறார். அவர் சண்டை பிடிக்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் பார்த்தார்.

"சுழியோடுற எண்டா கடலட்டை பிடிக்கிற ஆக்கள்தானே மகள்? உனக்குத்தான் சம்பளம் வருதே."

"பிடிக்க இல்ல உம்மா. பாக்கத்தான்."

"என்னத்தப் பாக்க?"

"மீன்."

உம்மா என் முகத்தையே பார்த்தார். காலையில் வாசலுக்கு மீன் வந்துபோகிற ஊர் இது. அந்தப் பார்வையை நினைத்து அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு வந்தது.

இவை எல்லாம் தாங்கக்கூடியவைதான். தாங்க முடியாத ஒன்றை எனக்குச் சொன்னவர் என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. அவர் கல்முனைக்குடியில் இருக்கிறவர்.

"உங்கட அவரு இப்ப வெள்ளிக்கிழமையில ஜும்ஆவுக்கு எங்கட பள்ளிவாசலுக்கு வாறாராம். எங்கட அவரு சொன்னாரு. வீட்டுக்குப் பக்கத்துல உள்ள பள்ளிக்கு என்ன நடந்த டீச்சர்?"

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கணவர் எங்கள் தெருமுனைப் பள்ளியில்தான் தொழுதவர். வீட்டுக்கு வந்து கேட்டேன். "அங்க பயான் பேச்சு சுருக்கமா முடியும்," என்றார். சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொளுவுவதில் கவனமாக இருந்தார். எங்கள் பள்ளியில் யாரோ என் பயணத்தைப் பற்றி எதையோ சொல்லியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு சொன்னார்களோ, புத்திமதியாகச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை அவர் அதைச் சொல்லவும் இல்லை.

"நான் போகல்ல," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

"ஏன் போகல்ல? நான் ஒரு சொல் சொன்னனா?"

"நீங்க சொல்லல்ல. அதாலதான்."

"நீ போகாட்டி அவங்க சொன்னது சரியாப் போயிரும்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்டுமில்ல."

போனால் அவர் வெள்ளிக்கு வெள்ளி மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போய்த் தொழ வேண்டும். போகாவிட்டால் அவர் பட்டதெல்லாம் வீண். தடுக்கிறவரோடு மல்லுக்கட்டலாம். எனக்காகக் குனிந்து நிற்கிற மனிதரோடு என்ன செய்வது? கட்டிலில் உட்கார்ந்து பயணப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே எழுந்து என் உடுப்புகளை மடித்து அதற்குள் வைத்தார்.

புறப்படும் நாளில் காக்கா தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவருடைய மனைவி, என் மச்சி, முன் இருக்கையில் இருந்தார். "பஸ்ஸில போய் இழுபடாத. ஏறு," என்றார் காக்கா. கடையை அன்று பூட்டிவிட்டு வந்திருந்தார். கட்டுநாயக்க வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. விமான நிலைய வாசலில் மச்சி தொதல் இனிப்புப் பார்சல் ஒன்றைத் தந்தார். காக்கா என் தலையைத் தொட்டு துஆ ஓதினார். அவர் எதிர்த்தே நின்றிருந்தால் நான் இன்னும் லேசாகப் போயிருப்பேன்.

தீவு, அந்த விளையாட்டு ஆசிரியை சொன்ன மாதிரியே இருந்தது. வழிகாட்டியாக வந்தவள் என் மகளின் வயதுடைய ஒரு பெண். மறந்துபோன திவேஹி மொழியில் நான் தட்டுத்தடுமாறிப் பேசியதைக் கேட்டு அவள் கண்ணெல்லாம் சிரித்தது. முதல் நாள் காலை படகில் போய், காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மூச்சு சீராக வந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம்.

ஓர் ஆள் உயரம் போனதும் வலது காது திறந்தது. இடது காது திறக்கவில்லை. கொஞ்சம் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து ஊதி, மீண்டும் இறங்கினேன். இரண்டாள் உயரத்தில் காதுக்குள் கோணி ஊசியை ஏற்றியது போல இருந்தது. அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக, மெதுவாக என்று கையால் காட்டினாள். அவசரமே இல்லாத கண்கள். மேலே போனோம், கீழே வந்தோம். திரும்பவும் மேலே, திரும்பவும் கீழே. என் காலுக்குக் கீழே மதில் தொடங்கும் இடம் தெரிந்தது. நீலம் கறுப்பாக மாறும் அந்த விளிம்பும் தெரிந்தது. அதற்கு மேல் என் காது என்னை விடவில்லை. கடைசியில் அவள் பெருவிரலை மேல்நோக்கிக் காட்டினாள். போவோம் என்று அர்த்தம்.

அன்று பின்னேரம் கணவரோடு கதைத்தேன்.

"கண்டியா?"

"இறங்க ஏலாமப் போச்சு."

"காதா?"

"ஓம். நாளைக்கும் பாப்பம்."

"வலிச்சா வேணாம் புள்ள."

இந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் 'வேணாம்' அதுதான்.

அடுத்த நாளும் இறங்கினேன். அடம்பிடிக்காமல் ஏறும்படி வைத்தியர் சொன்னது ஞாபகம் இருந்தும் ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு கூடுதலாகப் போனேன். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது மூக்குப் பக்கம் கொஞ்சம் இரத்தம் இருந்தது. அந்தப் பெண் அதைத் துடைத்துவிட்டு, "இனி இல்லை," என்றாள். என்னைவிட அவள்தான் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் அவளைத் தேற்றினேன்.

மீதி நாட்களில், மற்றவர்கள் இறங்கியபோது நான் மேலே மிதந்தேன். காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, படகை ஒட்டியே கிடந்தேன். மாஸ்க்கின் கண்ணாடியை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அவர்களுடைய மூச்சுக் குமிழிகள் கீழிருந்து கொத்துக் கொத்தாக ஏறி வந்து என் கையில் பட்டு உடைந்தன. ஒரு தடவை மிக ஆழத்தில் பெரிய கறுப்பு நிழல்கள் அசைந்தன. கீழே போனவர்கள் படகில் ஏறியதும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். அந்த நிழல்கள் ஆனைத்திருக்கைகள்தான் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் கைகுலுக்கினார்கள்.

திரும்பி வரும்போதும் காக்காவும் மச்சியும்தான் கட்டுநாயக்கவுக்கு வந்தார்கள். பொலன்னறுவை தாண்டும்வரை காக்கா ஒன்றும் கேட்கவில்லை. பிறகு றோட்டைப் பார்த்தபடியே, "கடலுக்கு அடி எப்பிடி இரிக்கி?" என்றார்.

"காது விடல்ல காக்கா. இறங்கல்ல."

அவர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டார். நல்லதாய்ப் போச்சு என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"அவ்வளவு தூரம் போயுமா?" என்றார். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. "கொழும்பில நல்ல டொக்டர்மார் இரிக்காங்க. காட்டுவம். இப்பவே திரும்பிப் போவமா?"

வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்றேன்.

வீட்டு வாசலில் நெய்ச்சோற்று வாசம் அடித்தது. உம்மா சஹன் தட்டு நிறையச் சோறு போட்டு வைத்திருந்தார். அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டார். நான் தண்ணீருக்குள் போகாமல் தப்பி வந்ததை மச்சி வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார். உம்மா என்னைக் கட்டிப்பிடித்து, என் இடது காதில் முத்தமிட்டார்.

"மகளே, நான் நேர்ச்சை வச்சிருந்தன். நீ போகவேணாம் எண்டு நான் கேக்கல்ல. அடிக்குப் போகாம வந்திரணும், அதைத்தான் கேட்டன். றப்பு அல்லாஹ் கேட்டுட்டான்."

அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என் கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எதையாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் அந்தச் சந்தோஷத்தின் மீதுதான் போய் விழும். இருந்து சாப்பிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று உம்மா கேட்டது இடது காதில் எங்கோ தூரத்திலிருந்து வருவது போலக் கேட்டது.

"ஓம் உம்மா. வைங்க," என்றேன்.