உவர்த்தொட்டியில் எஞ்சிய தாய்மீன்

1986 ஒக்ரோபர் 14, பிற்பகல் நான்கு மணிக்குச் சிவபாதத்தை முதன்முதலாகச் சந்தித்தேன். என் கிணற்றுக்கு மீன் கேட்கப் போயிருந்தேன். வேலணையில் மலேரியா பரவியிருந்தது. நுளம்புக்கு மருந்தடிப்பவர்கள் வந்து இரண்டு வருடமாயிற்று. மேசன் வேலை செய்த சிவபாதம், மூத்த மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பின், வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் கப்பி மீன் வளர்த்து, மலேரியா பரப்பும் நுளம்பின் குடம்பிப் புழுக்களைத் தின்பதற்காக அயற்கிணறுகளில் விட்டுவந்தார். மாரிக்கு முன் எல்லாக் கிணறுகளிலும் விட்டுவிடத் தவித்தார். அன்று ஏழு வயது மகள் அம்பிகையும் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"மாஸ்ரர், இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன். வருமட்டும் தொட்டியைப் பாத்துக்கொள்ளுங்கோ."

மூன்றாம் நாள் தொட்டி வற்றத் தொடங்கியது. அவர் கிணறோ உவர். சாட்டிக் கடற்கரைக் கிணறுகளிலிருந்து நாங்கள் குடிப்பதற்கு எடுப்பித்த நன்னீரில் ஆறு குடத்தை, என் மனைவி முணுமுணுக்க, தொட்டியில் ஊற்றினேன். விடிந்தபோது எண்பதுக்கு மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன.

அம்பிகை தேறியதும் அவளுடன் திரும்பி வந்த சிவபாதம் தொட்டிக்கட்டில் குந்திவிட்டார்.

"குடிக்கிற தண்ணியையோ ஊத்தினீங்கள்?"

"நல்ல தண்ணியெண்டுதான்..."

"எங்களுக்கு நல்ல தண்ணி. இதுகள் உவரிலை பிறந்ததுகள். திடீரெண்டு மாத்தினால் தாங்காதுகள்."

ஒரு தாய்மீன் மட்டும் அசைந்தது.

"ஆண் ஒண்டும் மிஞ்சேல்லையே," என்றேன்.

"தேவையில்லை. ஒருக்காச் சேர்ந்தால் காணும், மாசக்கணக்கிலை குஞ்சு போடும். ஆனால் போட்டதையே தின்னும், கள்ளி."

குஞ்சுகள் ஒளிக்கப் பாசி பரப்பிவிட்டு, நாள்தோறும் தொட்டியருகே காத்திருந்தார். மழை தொடங்கிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பத்தொன்பது குஞ்சுகள் கிடைத்தன.

"உங்கடையும் உவர்க் கிணறுதான், நாலு வீடு அள்ளுது," என்று அவ்வளவையும் என் கிணற்றில் விட்டார். மறுவாரம் தாய்மீனும் செத்து, அவர் தொட்டி வெறுமையாயிற்று.

மீன் பெற்றவர், அது பெருகியதும் ஒரு குடம் குஞ்சுகளைத் தனக்குத் திருப்பிக் கொடுப்பது சிவபாதம் வகுத்த முறை. சித்திரையில் என் கிணறு நிறைந்திருந்தது. பரீட்சைத்தாள் திருத்தும் வேலையைச் சாட்டி நாள் கடத்தினேன். வைகாசியில் அம்பிகைக்கு மீண்டும் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உயிருடன் திரும்பவில்லை.

அதன்பின் அவர் வீட்டுப் படலையைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. வீதியில் கண்டால் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிப்பார். 1990இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, என் பெட்டியையும் அவரே வள்ளத்தில் ஏற்றிவிட்டார். நான் கொடுக்காத அந்தக் குஞ்சுக் குடத்தை மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.